அத்தையின் மேசைக்கு ஒரு பெட்டி

காலையில் என்னிடம் சாப்பிட வருகிற எல்லோருக்கும் தட்டு, லுபோவாவுக்கு மட்டும் ஆழமான கிண்ணம். வாழைக்காயும் மாட்டுக்குடலும் சேர்த்து வேகவைத்த கட்டோகோவை நீர்க்கக் கொடுத்தால் அவன் கையில் தளும்பிச் சட்டையில் கொட்டும். அதனால் கெட்டியாக வழித்துப் போடுவேன். கிண்ணத்தை மடியில் வைத்து, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவான். பக்கத்தில் இருக்கிற தச்சர்கள் அந்த நேரத்தில் மட்டும் தகரக் கூரைமேல் நிற்கிற நாரைகளைப் பார்ப்பார்கள். குப்பை கிளறுகிற அந்த மொட்டைத் தலைப் பறவைகளில் பார்க்க என்ன இருக்கிறதோ!

தச்சுப்பட்டறைகள் நிறைந்த எங்கள் ண்டேபாவில் மரம் அறுக்கிற சத்தம் நின்றால்தான் எங்களுக்குக் காது அடைக்கும். பதினெட்டு வருஷமாக அந்தச் சத்தத்துக்கு நடுவில், மரத்தூள் அடைத்த அடுப்பில் சமைக்கிறேன். இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதால் எல்லோருக்கும் நான் நாலோங்கோ. சொந்தப் பெயரைக் கேட்டால் நானே கொஞ்சம் யோசிக்கவேண்டும். லுபோவாவின் பட்டறை என் அடுப்புக்கு நேர் எதிரே. குடியிருப்பதும் ஒரே வரிசை வீடுகளில். நடுவில் ஒரு சுவர்தான். ஆகவே அந்த வீட்டில் நடந்தது எதுவும் அடுத்தவர் சொல்லி எனக்குத் தெரிந்ததில்லை.

லுபோவாவின் மனைவி நம்பூசே. அவளுடைய அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. வலது காலில் வந்த புண் ஆறவே இல்லை. வாராவாரம் பெரிய ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றவேண்டும் என்று ஜனவரியில் சொந்த ஊரான புவாமாவிலிருந்து அழைத்து வந்தாள். எங்களில் மாமியாரும் மருமகனும் ஒரு கூரையின் கீழ் தங்கமாட்டார்கள். முகத்துக்கு முகம் பார்ப்பதில்லை, தொடுவதில்லை, ஒருவர் உட்கார்ந்த பாயில் மற்றவர் உட்காருவதில்லை. மீறினால் கை நடுக்கம் வரும் என்பார்கள். ஒரே அறையைத் திரை போட்டு இரண்டாக்கி வாழ்கிறவன் இன்னொரு கூரைக்கு எங்கே போவான்? லுபோவா பட்டறையில் பலகைமேல் படுத்துக்கொண்டான். சாப்பிட மட்டும் வருவான். அந்த அம்மா திரைக்கு அந்தப் பக்கம், இவன் இந்தப் பக்கம்.

"மாப்பிள்ளை, மரம் வந்துச்சா?" என்று திரை கேட்கும்.

"வந்துச்சு அத்தை. ஈரமா இருக்கு," என்று இவன் திரைக்குச் சொல்வான்.

மூன்று மாதம் குறையில்லாமல் ஓடியது. ஏப்ரல் மழையில் ஒரு மத்தியானம், கழிப்பறையிலிருந்து திரும்பும்போது அந்த அம்மா சேற்றில் வழுக்கி விழுந்தார். நம்பூசே சந்தைக்குப் போயிருந்தாள். நான் என் வாசலில் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கையைக் கழுவிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். மாவுக் கையோடே ஓடியிருக்க வேண்டும். பொம்பளை ஒருத்தி அங்கே நிற்கும்போது இது நடந்திருக்கவே கூடாது. நான் குவளையில் தண்ணீர் மொள்ளுவதற்குள் பட்டறையிலிருந்து லுபோவா ஓடிவந்து, அந்த அம்மாவை இரு கையிலும் தூக்கி வாசலில் உட்காரவைத்துவிட்டான். அந்த அம்மாவின் துணி விலகியிருந்தது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் தூக்கினான், நான் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டால் தொட்டது தொடாததாகிவிடுமா? எதிர்ப் பட்டறைக்காரர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆகஸ்டில் கை ஆட ஆரம்பித்தது. தேநீர்க் கோப்பை தட்டில் கடகடவென்று அடிக்கிற சத்தத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மா கேட்டார். மூன்று நாள் கேட்டார். நாலாம் நாள், நம்பூசே குளிக்கப் போன நேரம் பார்த்து, பையைக் கட்டிக்கொண்டு என் அடுப்படிக்கு வந்து நின்றார்.

"நாலோங்கோ, வேன் நிக்கிற எடம் வரைக்கும் என்னைக் கொண்டுவந்து விடு."

"வெள்ளிக்கிழமை கட்டு மாத்தணுமே பெரியம்மா?"

"என் காலைக் காப்பாத்த வந்து மாப்பிள்ளை கையைப் பறிச்சிட்டேன். தச்சனுக்குக் கை போனா என்ன மிச்சம்? நான் இங்க இருக்கக் கூடாது. வர்றியா, இல்ல நானே நொண்டிக்கிட்டுப் போகவா?"

கொண்டுபோய் விட்டேன். அதுவும் என் தப்புத்தான்.

டாக்டர் லுபோவாவைப் பார்த்துவிட்டு, இது நரம்பு வியாதி, மாமியாருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் லுபோவா அதை முழுதாக நம்பினான். ண்டேபாவில் வந்து இறங்கியபோது பாதி நம்பினான். நம்பூசே வாராவாரம் ஊருக்குப் போய் அம்மாவிடம் கெஞ்சினாள். மாப்பிள்ளைக்குக் கை சரியாகிவிட்டது என்று சத்தியம்கூடச் செய்தாள். அந்த அம்மா நம்பவில்லை, வரவுமில்லை. பக்கத்துச் சிறிய வைத்தியசாலையில் ஏதோ மருந்து தடவிக்கொண்டிருந்தார்கள். புண் கணுக்காலுக்கு ஏறியது. இன்னும் ஏறினால் காலை எடுக்கவேண்டியிருக்கும் என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

அக்டோபர் கடைசியில் நம்பூசே இரண்டு பாவாடையும் ஒரு போர்வையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கட்டும் என்றுதானோ என்னவோ, உரக்கவே சொன்னாள்.

"அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தா நானும் வர்றேன். அந்தக் கால் அழுகி அவங்க செத்தாங்கன்னா என்னைக் கூப்பிடாதீங்க. உங்க மேல கோபமில்ல. உங்க கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கால்தான் தெரியும். என்னால ஆகாது."

அதற்குப் பிறகு அவன் சட்டைகள் துவைக்காமல் கிடந்தன, வீட்டுப் பூட்டில் துரு பிடித்தது. மூன்று வேளையும் என் கிண்ணம்தான்.

நவம்பர் மழை விடாமல் பெய்தது. மரத்தூள் நனைந்து அடுப்பு புகைந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தேன். லுபோவா எதிரே வந்து குந்தினான்.

"நாலோங்கோ, அத்தையைப் பார்க்க நம்பூசேகூட ஒரு தடவை ஊருக்குப் போனீங்கள்ல. அத்தையோட முகம் பார்க்கிற கண்ணாடி வச்ச மேசைமேல என்னென்ன இருக்கு?"

"எதுக்குப்பா?"

"சொல்லுங்களேன்."

நான் நினைவிலிருந்து சொன்னேன். மூக்குக்கண்ணாடி. ஜெபமாலை. மாத்திரை அட்டைகள், ஒன்றோடொன்று கலந்துபோய். வாஸ்லின் டப்பா. சீப்பு. பாய் முடைகிற பெரிய ஊசிகள் மூன்று, அதில் ஒன்று கீழே விழுந்து நான் உட்கார்ந்த இடத்தில் குத்தியது.

"எல்லாம் அப்படியே கொட்டிக் கெடக்கு. ஏன், அந்த மேசை நீ செஞ்சதுதானே?"

"பொண்ணு கேக்கப் போனப்ப கொடுத்தது. வண்டியில ஏத்தி அனுப்பினதோட சரி. அந்த அறைக்குள்ள நான் எப்படிப் போறது?" கையைத் தொடைகளுக்கு நடுவில் சொருகிக்கொண்டான். "அதுமேல வைக்க ஒரு பெட்டி செய்யப்போறேன். மூக்குக்கண்ணாடிக்கு ஒரு அறை, மாத்திரைக்குக் காலை ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. கீழ ஊசிக்கு ஒரு சின்ன இழுப்பறை. மூலையில ஆணியே கெடையாது, பல்லும் பல்லும் கோத்த பொருத்து. வாயால சொன்னா அத்தை நம்ப மாட்டாங்க. பாய் முடையுறவங்க, கைவேலை தெரிஞ்சவங்க. பெட்டியைப் பார்த்தா மாப்பிள்ளைக்குக் கை சரியாயிடுச்சுன்னு நம்புவாங்க. நம்பினா ஆஸ்பத்திரிக்கு வருவாங்க."

பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த வலுசிம்பி சிரித்தான். அவன் அடுத்த பட்டறைக்காரன். நல்ல வேலைக்காரன், நாக்குக்கு மட்டும் தாழ்ப்பாள் கிடையாது.

"டேய், தொட்ட பாவத்துக்குப் படுக்கையறைக்கே பெட்டி செஞ்சு அனுப்புறியா? அதுல அவங்க கை வைக்கிற எடமெல்லாம் நீ கை வச்ச எடம். இந்தத் தடவை காலும் சேர்ந்து ஆடும், பாத்துக்க."

"கல்யாணத்துக்கு மேசை கொடுத்தப்ப ஆடலயே?"

"அப்ப நீ அவங்களைத் தூக்கலயே!"

நான் கரண்டியை ஓங்கியதும் வாயை மூடிக்கொண்டான். ஆனால் மறுநாள் அவனே வந்து, தன் பட்டறையில் ஒரு சர்ச் பெஞ்சுக்கு வெட்டியதில் மிஞ்சிய முவூலே மரத்துண்டுகளை லுபோவாவின் மேசையில் வைத்துவிட்டுப் போனான். நான்கு வருஷம் காய்ந்த மரம். இழைத்தால் வறுத்த காப்பிக்கொட்டை நிறம்.

அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குத் தோள் வலிக்கிறது. லுபோவா வயிற்றுப்பாட்டு வேலைகளை முடித்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் பெட்டியில் உட்காருவான். பலகையை இழைப்பதில் தொல்லை இல்லை. இழைப்புளியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்கும்போது நடுக்கம் அமுங்கிவிடும். குறி போட்டு, மெல்லிய ரம்பத்தால் பல் வெட்டும்போதுதான் வினை. ரம்பத்தைக் கோட்டில் வைப்பான். கை ஆடும். எடுத்துவிடுவான். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி வைப்பான். முழங்கையை மேசையோடு துணியால் கட்டிப் பார்த்தான். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து வெட்டிப் பார்த்தான். முதல் பெட்டியின் மூலையில் விரல் நுழைகிற இடைவெளி. இரண்டாவதில் பல் உடைந்தது. உடைந்ததை என் அடுப்புக்குக் கொண்டுவந்து போடுவான். அன்று பீன்ஸ் சீக்கிரம் வேகும். அதைத் தின்ன எனக்கு மனசே வராது.

நாலாவது பெட்டியின் பக்கப் பலகையை அவன் போட வந்தபோது நான் வாங்கவில்லை.

"போதும் லுபோவா. இப்படியே போனா அத்தை கால் காத்துக்கிட்டு இருக்காது."

"எனக்குத் தெரியாதா?" என்றான். கோபம்கூட இல்லை. அவ்வளவு களைப்பு. "மரமும் இன்னும் ஒரு பெட்டிக்குத்தான் இருக்கு."

வலுசிம்பி தன் பட்டறையிலிருந்து ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்தான். வந்தவன் கேலி எதுவும் செய்யவில்லை.

"தள்ளிக்க. நீ அளவு சொல்லு, நான் வெட்டுறேன்."

"அப்ப அது என் பெட்டி இல்ல."

"உன் மாமியார் கால் வேணுமா, உன் பேர் வேணுமா?"

லுபோவா கையிலிருந்த பலகையைத் தானே அடுப்பில் போட்டான். பிறகு தன் வேலைமேசையை அவனுக்கு விட்டுக்கொடுத்தான். வலுசிம்பி நான்கு மூலையும் வெட்டினான், அறைகளின் தடுப்புப் பலகைகளைக் காடிப் பள்ளத்தில் இறக்கினான், ஊசிக்கான இழுப்பறையைச் செய்தான். பசை தடவியது லுபோவா. குழம்பு கிண்டிய நேரம் போக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது நான். உள்ளே ஒட்ட மரப்பட்டைத் துணி கொண்டுவந்தான் லுபோவா. சவத்தைச் சுற்றுகிற துணியை நோயாளியின் பெட்டிக்குள் ஒட்டுவாயா என்று வலுசிம்பி கத்தியதில், என் பழைய பச்சை வெல்வெட் பாவாடையைக் கிழித்துக் கொடுத்தேன். இருபது வருஷத்துக்கு முன் அதைக் கட்டிக்கொண்டு நடந்தால் ண்டேபாவே திரும்பிப் பார்க்கும். கடைசியில் வார்னிஷ் பூசி, மழைச்சாரல் படாமல் மூன்று நாள் உலர்த்தினோம். பெட்டி அப்படி ஒரு பெட்டி. மூலைகளில் முடி நுழைய இடமில்லை. தச்சர்கள் வந்து வந்து தடவிப் பார்த்தார்கள். லுபோவா மட்டும் அதைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் அவனும் புவாமாவுக்கு வேன் ஏறினோம். போர்வையில் சுற்றிய பெட்டி அவன் மடியில். மசாகா சாலை அந்த மழைக்குக் குண்டும் குழியுமாகக் கிடந்தது. வண்டியில் பதினான்கு பேரும் குலுங்கினோம். எல்லோரும் ஆடுகிற இடத்தில் அவன் கையை யார் பார்க்கப்போகிறார்கள்? நெடுநாளுக்குப் பிறகு அவன் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்திருந்தது.

ஊரில் இறங்கி, வாழைத்தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். வீடு தெரிந்ததும் அவன் நின்றுவிட்டான். முற்றத்தின் ஓரத்தில் காப்பிச் செடிகள். அதற்குப் பின்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

"நல்லா இருக்கேன்னு சொல்லுங்க நாலோங்கோ. நானே செஞ்சேன்னு சொல்லுங்க."

"எனக்குப் பொய் சொல்லக் கத்துத் தர்றியா? பதினெட்டு வருஷமா குடல் புதுசுன்னு சொல்லிட்டிருக்கேன்."

நம்பூசே வாசலுக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். என் தோளுக்கு மேல் காப்பிச் செடிகளைப் பார்த்தாள். உள்ளே நுழைந்ததும் அந்த வாடை. எத்தனை வேப்பிலை போட்டு எரித்தாலும் அது மறையாது. நம்பூசேயின் அம்மா பாயில், காலை நீட்டி, அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் முழங்காலிட்டு வணங்கினேன். வீடு, பிள்ளைகள், மழை, காப்பி விலை எல்லாம் ஒவ்வொன்றாக விசாரித்து முடித்த பிறகு போர்வையை அவிழ்த்தேன்.

"மாப்பிள்ளை கொடுத்தனுப்பினாரு. அவரு கையால செஞ்சது."

அந்த அம்மா முதலில் தொடவில்லை. பிறகு ஒரு விரலால் மூலையைத் தடவினார். கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். இழுப்பறையை இழுத்தார், தள்ளினார். எண்ணெய் போட்ட மாதிரி போய் வந்தது. பல் பொருத்துகளை ஒவ்வொன்றாக நகத்தால் நெருடிப் பார்த்தார். திடீரென்று கண்ணில் தண்ணீர் கொட்டியது. நம்பிவிட்டார் என்று தெரிந்தது. நம்பூசே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒரு பல்லு பிசகல! பார்த்தியா நம்பூசே?"

"பார்த்தேம்மா."

"கை திரும்பி வந்திருச்சு. ஆண்டவரே, வந்திருச்சு."

"அதான் பெரியம்மா, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பலாம்," என்றேன்.

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். பைத்தியக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"எங்க கெளம்புறது? நான் அங்க இருந்தப்ப ஆடுச்சு. இங்க வந்து மூணு மாசம் இந்தக் காலோட கெடந்தேன், நின்னுருச்சு. உனக்குக் கண்ணு இல்லையா? நான் குடுத்தது வீணாப்போகல. இனி செத்தாலும் அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கமாட்டேன்." பெட்டியை மடியில் வைத்து அணைத்துக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. கல்யாண வீட்டில்கூட நான் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

எங்கள் மூன்று பேர் புத்தியும் சேர்ந்து இது ஒன்று எங்களுக்குத் தோன்றவில்லையே! நாங்கள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அந்தக் காலுக்குக் குழி வெட்டியிருக்கிறோம். நம்பூசே கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"பெரியம்மா, பொய் சொன்னேன்," என்றேன். "இது மாப்பிள்ளை செஞ்சது இல்ல. பக்கத்துப் பட்டறைக்காரன் வலுசிம்பி வெட்டினது. மாப்பிள்ளை நாலு தடவை செஞ்சாரு. நாலும் என் அடுப்புலதான் எரிஞ்சது. கை நீங்க போனப்ப எப்படி ஆடுச்சோ அப்படித்தான் ஆடுது. கூடியிருக்கு, கொறையல."

"சும்மா இரு. என்னைக் கூட்டிட்டுப் போறதுக்காக இப்ப மாத்திப் பேசுற."

"என் ரெட்டைப் பிள்ளைங்க மேல ஆணை."

"கொஞ்சம் முன்னாடி அவரு கையால செஞ்சதுன்னு சொன்ன வாய்தானே இது? இதுல எதை நம்புறது?"

அது நியாயமான கேள்விதான். நான் எழுந்து வாசலுக்குப் போனேன்.

"லுபோவா! இங்க முற்றத்துக்கு வா! மூஞ்சியைத் திருப்பிக்க. முதுகைக் காட்டி நில்லு."

காப்பிச் செடிகளுக்குப் பின்னாலிருந்து எழுந்தான். என்ன நடந்தது என்று அவனுக்கு ஒன்றும் தெரியாது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பியபடி, ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்து முற்றத்து நடுவுக்கு வந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது.

"கையை ரெண்டு பக்கமும் நீட்டு."

"நாலோங்கோ…"

"நீட்டுப்பா. எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீட்டு."

நீட்டினான். நம்பூசே அம்மாவின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிக் கதவுவரை கூட்டிவந்தாள். கதவுத் திரையை ஒரு விரல் அளவுக்கு விலக்கி, அந்த ஓட்டை வழியாக அந்த அம்மா பார்த்தார். வலது கை மணிக்கட்டிலிருந்து ஆடியது. இடது கையும் ஆட ஆரம்பித்திருந்தது. அது எனக்கே அன்றுதான் தெரியும். அதை மறைக்க அவனுக்கு இன்னொரு கை இல்லை. தூறல் அவன் விரல்களிலிருந்து சிதறிச் சிதறி விழுந்தது.

பிறகு திரையை விட்டுவிட்டு, கால்மேல் இருந்த துணியை விலக்கித் தன் காலைப் பார்த்தார். பெருவிரல் கறுத்திருந்தது.

"நாலோங்கோ," என்றார். "அப்ப நான் இத்தனை நாள் இந்தக் காலை எதுக்கு அழுக விட்டேன்?"

நம்பூசே அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெளியே லுபோவா இன்னும் கையை நீட்டியபடியே நின்றான். இறக்கச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. கடைசியில் அந்த அம்மாதான் திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"கையைக் கீழ போடுங்க மாப்பிள்ளை, வலிக்கும். நான் வர்றேன்."